ஐந்து புள்ளிகளுக்குப் பின்னால் நடந்தது: கல்லூரி ஆட்சிக்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

ஆட்சிக்குழுத் தலைவர், உறுப்பினர்கள், முதல்வர் ஆகியோருக்கு,

பெண்கள் கால்பந்து அணி வரும் கல்வியாண்டிலிருந்து இருக்காது என்ற உங்கள் முடிவை, பந்துகள் வைக்கும் அறையின் கதவில் ஒட்டியிருந்த சுற்றறிக்கையைப் படித்துத்தான் தெரிந்துகொண்டோம். மொத்தம் நான்கு வரி. காரணம் என்று அதில் இருந்தது ஒரே ஒரு சொற்றொடர்: 'தொடர்ச்சியான மோசமான ஆட்டத்திறன்'. அதை ஒட்டுவதற்கு முன் எங்களில் ஒருவரையும் கூப்பிட்டு நீங்கள் பேசவில்லை.

நான் அந்த அணியின் கோல்கீப்பர். மூன்று சீசன் ஆடியிருக்கிறேன். கடைசியாக முடிந்த சீசனில் கேப்டன். ஒன்பது ஆட்டங்களில் நாங்கள் வாங்கிய 19 கோல்களையும் வலைக்குள்ளிருந்து எடுத்து வந்தவள் நான்தான். அதனால் தோல்வியைப் பூசி மெழுக நான் வரவில்லை. ஒரு வெற்றி, இரண்டு டிரா, ஆறு தோல்வி. ஐந்து புள்ளி. பத்து அணிகளில் ஒன்பதாம் இடம். எல்லாம் உண்மை. இந்த எண்கள் எப்படி வந்தன என்று நீங்கள் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. என் குறை அதுதான்.

'தொடர்ச்சியான' என்ற சொல்லை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதற்கு முந்தைய சீசனில் இதே பத்து அணிகளில் நாங்கள் மூன்றாம் இடம். அந்தச் சான்றிதழ் உங்கள் அலுவலகத்துக்கு வந்தது; எங்கள் குழுப்படம் கல்லூரி ஆண்டு மலரிலும் வந்தது. ஒரு சீசனில் மூன்றாம் இடம், அடுத்த சீசனில் ஒன்பதாம் இடம் என்றால் அதற்குப் பெயர் தொடர்ச்சியா? நடுவில் எதுவோ உடைந்திருக்கிறது. எது உடைந்தது என்று பார்ப்பதுதானே நிர்வாகத்தின் வேலை?

உடைந்த வாரத்தை என்னால் காட்ட முடியும். முதல் மூன்று ஆட்டங்களில் ஒரு வெற்றி, ஒரு டிரா, ஒரு தோல்வி. அடித்தது மூன்று, வாங்கியது மூன்று. யாரும் வெட்கப்பட வேண்டிய கணக்கில்லை. மூன்றாவது ஆட்டம் முடிந்த வாரத்தில் எங்கள் பயிற்சி நேரத்தை மாற்றினீர்கள். அதன் பிறகு ஆடிய ஆறு ஆட்டங்களில் ஒரு டிரா, ஐந்து தோல்வி. அடித்தது நான்கு, வாங்கியது பதினாறு.  ஆட்டம் அதேதான்.

மாலை நாலரை முதல் ஆறு வரை கிரவுண்டு எங்களுடையதாக இருந்தது. அதைப் பகல் பன்னிரண்டரை முதல் இரண்டு மணி வரை என்று மாற்றினீர்கள். ஆண்கள் அணி முக்கியமான கட்டத்தில் இருக்கிறது, அவர்களுக்கு முழு கிரவுண்டும் மாலையில் வேண்டும் என்று சொல்லப்பட்டது. ஆண்கள் அணி மேல் எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை. வாரத்தில் மூன்று நாள் பாதி கிரவுண்டை விட்டுக்கொடுக்கத் தயார் என்று அவர்களுடைய கேப்டனே எழுதிக் கொடுத்தார். அந்தக் கடிதத்தை நானே கொண்டுபோய் அலுவலகத்தில் கொடுத்தேன். பதில் வரவில்லை.

பகல் நேரத்துக்கு மாறியதும் முதலில் நான்கு பேர் போனார்கள். அவர்களுக்கு ஒன்றரைக்கு லேப். லேபை விட்டால் மதிப்பெண் போகும், பயிற்சியை விட்டால் அணியில் இடம் போகும். படிக்க வந்த பெண்கள் எதைத் தேர்ந்தெடுப்பார்கள்? பதினெட்டு பேர் பதினான்கு ஆனோம். விலகிய நால்வரில் இருவர் எங்கள் இரண்டு சென்ட்டர் மிட்ஃபீல்டர்கள். கால்பந்து ஆடியவர்களுக்குத் தெரியும், நடுவில் அந்த இருவர் இல்லாவிட்டால் பந்து டிஃபென்ஸிலிருந்து நேராக எதிரணியின் காலுக்குத்தான் போகும்.

அடுத்து வெயில். பகல் ஒரு மணிக்கு இரும்பு கோல்போஸ்ட்டில் கை வைக்க முடியாது. கிளவுஸின் உள்ளங்கையில் இருக்கும் நுரை காய்ந்து போய்விடும், பந்து கையில் ஒட்டாமல் வழுக்கும். எச்சிலைத் துப்பித் தேய்த்துக்கொண்டு நிற்பேன், இரண்டு பந்து பிடிப்பதற்குள் அதுவும் காய்ந்துவிடும். நின்ற இடத்திலேயே நிற்கும் எனக்கே இப்படி என்றால் ஓடுகிறவர்களை நினைத்துப் பாருங்கள். உலகக் கோப்பை ஆடும் தொழில்முறை வீரர்களுக்கே வெப்பத்துக்கு ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள். வெப்பம், ஈரப்பதம், வெயிலின் நேரடித் தாக்கம், காற்று நான்கையும் சேர்த்து அளக்கும் ஒரு அளவீடு இருக்கிறது. அது 32 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் ஆட்டத்தின் நடுவில் நிறுத்தித் தண்ணீர் குடிக்க இடைவேளை தர வேண்டும் என்ற நடைமுறையை 2014 உலகக் கோப்பையிலேயே உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபா பயன்படுத்தியது. எங்கள் கிரவுண்டில் அந்த அளவை எடுத்தவர் யாரும் இல்லை. நிழல் என்று இருந்தது ஸ்டோர் ரூம் சுவரின் ஓரம் மட்டும்தான். பதினான்கு பேர் அந்தச் சுவரில் வரிசையாக ஒட்டிக்கொண்டு நின்று தண்ணீர் குடித்தோம்.

மூன்றாவதாகப் போனது வார்ம்-அப். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இரண்டு முழங்கால்கள் இதில் அடங்கியிருக்கின்றன.

மதியம் பன்னிரண்டரைக்குத்தான் வகுப்பு முடியும். விடுதிக்கு ஓடி, உடை மாற்றி, பூட்ஸ் கட்டிக்கொண்டு வரும்போது மணி ஒன்று. ஒன்றே முக்காலுக்குக் கிளம்பினால்தான் அடுத்த வகுப்புக்கு நேரத்துக்குப் போக முடியும். ஒன்றரை மணி நேரப் பயிற்சி முக்கால் மணி நேரம் ஆனது. அந்த முக்கால் மணியில் முழுதாக இருபது நிமிடம் வார்ம்-அப் செய்ய யாருக்கு மனம் வரும்? எங்கள் பகுதிநேரக் கோச் முதல் வாரம் பிடிவாதமாகச் செய்ய வைத்தார். இரண்டாவது வாரம் பத்து நிமிடம். மூன்றாவது வாரம் கிரவுண்டை இரண்டு சுற்று ஓடிவிட்டுப் பந்தைத் தொட்டோம்.

அந்த இருபது நிமிட வார்ம்-அப் ஏதோ சம்பிரதாயம் என்று நினைத்துவிடாதீர்கள். ஃபிஃபா லெவன் பிளஸ் என்று அதற்குப் பெயர். மெதுவான ஓட்டம், வயிற்றுத் தசைக்கும் தொடைத் தசைக்கும் பயிற்சி, ஒற்றைக்காலில் சமநிலை, குதித்து முழங்கால் உள்ளே மடியாமல் இறங்குவது. எந்தக் கருவியும் வேண்டாம், காசும் வேண்டாம். நார்வேயில் 1,800-க்கும் மேற்பட்ட இளம் வீராங்கனைகளை ஒரு சீசன் முழுக்கக் கவனித்து 2008-இல் வெளியான ஆய்வில், இதைச் செய்த அணிகளில் ஒட்டுமொத்தக் காயங்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தன. முழங்காலுக்குள் இருக்கும் ஏ.சி.எல். என்ற தசைநார் அறுந்துபோகும் வாய்ப்பு, இதே ஆட்டத்தை ஆடும் ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மடங்குக்கும் மேல் என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. ஆண்டின் சிறந்த கால்பந்து வீராங்கனைக்கான பாலோன் டோர் விருதை இரண்டு முறை வாங்கிய ஸ்பெயினின் அலெக்ஸியா புதெயாஸுக்கு 2022 ஐரோப்பியக் கோப்பை தொடங்கும் நேரத்தில் அது அறுந்தது. இங்கிலாந்தின் பெத் மீட், லியா வில்லியம்சன், நெதர்லாந்தின் விவியானே மீதமா மூவரும் இதனாலேயே 2023 உலகக் கோப்பையில் ஆட முடியாமல் போனார்கள். உலகத்தின் மிகச் சிறந்த மருத்துவக் குழுக்கள் சுற்றி நிற்கும் வீராங்கனைகளின் நிலைமையே இது. எங்களிடம் இருந்தது ஒரு ஸ்ப்ரே டப்பா, ஒரு பஞ்சுப் பொட்டலம்.

சக வீராங்கனைகளின் பெயர்களை நான் எழுதப் போவதில்லை. அவர்கள் உடம்பும் அவர்கள் வீட்டு நிலைமையும் அவர்களுடைய சொந்த விஷயம். ஜெர்சி நம்பரைச் சொல்கிறேன், பதிவேட்டைப் பார்த்தால் உங்களுக்குத் தெரியும்.

எட்டாம் நம்பர் விழுந்தது நான்காவது ஆட்டத்தில். இரண்டாம் பாதி, வலப்பக்கம் பந்தை வாங்கித் திரும்பினாள். அவள் பக்கத்தில் எதிரணிக்காரர் ஒருவரும் இல்லை. கால் தரையில் ஊன்றியபடி நிற்க, உடம்பு மட்டும் திரும்பியது. கோல்போஸ்ட்டிலிருந்து பார்த்த எனக்கே அவள் விழுந்த விதத்தில் புரிந்துவிட்டது. ஓடிப் போனபோது புல்லைப் பிடித்துக்கொண்டு, "உள்ளே டப்புன்னு ஒரு சத்தம் கேட்டுச்சுக்கா" என்றாள். அழவில்லை. அந்தச் சத்தத்தைத் தன் காதால் கேட்ட திகைப்பில் இருந்தாள். ஸ்ட்ரெச்சர் இல்லை. ஸ்கோர் எழுதுபவர் உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து, அதில் உட்கார வைத்து நான்கு பேர் தூக்கினோம். அந்த நால்வரும் அடுத்த நிமிடம் மறுபடி ஆடப் போக வேண்டியவர்கள். 1-2 என்று தோற்றோம். அவள் வீட்டார் அறுவை சிகிச்சைக்குச் சொந்தமாகச் செலவு செய்தார்கள். குறைந்தது ஒன்பது மாதம் பந்தைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். முழங்கால் குணமாவதற்குள் அவளுக்கு அணியே இருக்காது என்பதை இப்போது நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள்.

ஐந்தாவது ஆட்டம் அதற்கு மறுநாள். ஆம், மறுநாள்.

அது எப்படி வந்தது என்பதும் பதிவில் இருக்கிறது. நான்காவது ஆட்டம் பத்து நாள் முன்பே நடந்திருக்க வேண்டியது. அன்று எங்களுக்குப் பேருந்து கிடைக்கவில்லை. வேறொரு நிகழ்ச்சிக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று காலை ஏழு மணிக்கு, பையோடு வாசலில் நின்றுகொண்டிருந்த எங்களிடம் சொன்னார்கள். போட்டி நடத்துகிறவர்கள் புள்ளியைப் பறிக்காமல் இரக்கப்பட்டு வேறு தேதி கொடுத்தார்கள். கிடைத்த தேதி ஐந்தாவது ஆட்டத்துக்கு முந்தைய நாள். முழு ஆட்டம் ஆடும் ஒருவர் பத்து கிலோமீட்டர் அளவுக்கு ஓடுகிறார். தசைகள் முழுதாகத் தேற மூன்று நாள் ஆகும் என்ற கணக்கில்தான் பெரிய அணிகள் அட்டவணையைப் பார்க்கின்றன. எங்களுக்கு இருபத்திரண்டு மணி நேரம் இருந்தது.

மறுநாள் இரண்டு பேருக்கு உள்தேர்வு. விளையாடப் போகும் நாளுக்கு வருகைப் பதிவும் இல்லை, மறுதேர்வும் இல்லை என்று துறையில் சொல்லிவிட்டார்கள். எனவே போனது பதினொரு பேர். மாற்று வீராங்கனை ஒருவரும் இல்லை. கோச்சும் இல்லை; அன்று அவரை ஆண்கள் அணியோடு அனுப்பியிருந்தீர்கள். முதல் பாதியின் கடைசியில் ஏழாம் நம்பருக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. இரண்டாம் பாதியில் பதினான்காம் நம்பருக்கும் அதுவே. ஒன்பது பேர்.

பிறகு ஒரு கார்னர். எங்கள் சென்ட்டர் டிஃபெண்டர், ஐந்தாம் நம்பர், பந்தைத் தலையால் தட்ட எழும்பினாள். எதிரணி ஸ்ட்ரைக்கரும் எழும்பினாள். இரண்டு மண்டையும் மோதிய சத்தம் எனக்கு இரண்டடி தூரத்தில். இருவரும் விழுந்தார்கள், இருவரும் எழுந்தார்கள். அந்தப் பெண்ணை உடனே அவர்கள் கோச் வெளியே கூப்பிட்டு உட்கார வைத்து, இன்னொருவரை அனுப்பினார். ஐந்தாம் நம்பர் என்னிடம் நடந்து வந்தாள். முகத்தில் காயம் இல்லை, ரத்தம் இல்லை. மெதுவாகக் கேட்டாள்: "நாம எந்தப் பக்கம் அடிக்கிறோம்?"

அந்தக் கேள்விக்கு அர்த்தம் என்னவென்று எனக்குத் தெரியும். தலையில் அடிபட்டு மூளைக்கு அதிர்ச்சி ஏற்பட்டதாகச் சந்தேகம் வந்தாலே வெளியே எடுக்க வேண்டும், அன்று மறுபடி ஆட விடக் கூடாது. உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட முறை இது. இதற்காகவே வழக்கமான மாற்றுகளுக்கு மேல் கூடுதலாக ஒரு மாற்று வீரரை இறக்கும் வழியை 2024 ஜூலையிலிருந்து ஆட்ட விதிகளிலேயே சேர்த்திருக்கிறார்கள். போட்டி நடத்துகிறவர்கள் விரும்பினால் பயன்படுத்தலாம். எங்களுக்கு எந்த விதி இருந்து என்ன பயன்? இறக்க ஆள் இல்லை. அந்த முடிவை எடுக்க வேண்டிய இடத்தில் கோச் இல்லை, டாக்டர் இல்லை, ஆசிரியர் இல்லை. இருபது வயதில் நான் இருந்தேன். நடுவரிடம் போய் அவளை வெளியே அனுப்புகிறேன் என்றேன். அவள் போக மாட்டேன் என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். விரல் விரலாக எடுத்துவிட்டேன். இன்றுவரை அந்த விரல்கள் என் மணிக்கட்டில் இருப்பதுபோல இருக்கிறது.

எட்டுப் பேர். ஏழுக்குக் கீழே போனால் ஆட்டத்தைத் தொடர முடியாது என்கிறது கால்பந்து ஆட்ட விதிகளில் மூன்றாவது விதி. அரை மணி நேரம் எட்டுப் பேரோடு ஆடினோம். 0-5. திரும்பும் வழியில் ஐந்தாம் நம்பர் இரண்டு முறை வாந்தி எடுத்தாள். விடுதி அறையில் விளக்கைப் போட்டால் கண் கூசுகிறது என்று மூன்று நாள் இருட்டில் படுத்திருந்தாள். நான்காவது நாள் லேப் தேர்வுக்கு உட்கார்ந்தாள். ஓய்வு வேண்டும் என்று நான் எழுதிக் கொடுத்ததை மருத்துவச் சான்று இல்லை என்று திருப்பிவிட்டார்கள். அந்தச் சீசனில் அவள் பிறகு ஆடவில்லை.

உங்கள் பட்டியலில் அது '0-5, தோல்வி' என்று ஒரு வரியாக இருக்கும். அந்த ஒரு வரியை மட்டும் படித்துவிட்டு எங்களுக்கு ஆட்டத்திறன் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள்.

ஆறாவது ஆட்டத்துக்குப் பிறகு பயிற்சியில் பதினோராம் நம்பருக்கும் அதே ஏ.சி.எல். மறுபடியும் நாற்காலி. ஏழாவது ஆட்டத்தில் ஒருத்திக்குக் காய்ச்சல், பத்துப் பேர்தான் களமிறங்கினோம். அதில் 1-1 என்று டிரா செய்தோம். அந்த எதிரணி அந்தச் சீசனில் சாம்பியன். ஆட்டம் முடிந்ததும் அவர்களுடைய கோச் வந்து எங்கள் பத்துப் பேருக்கும் தனித்தனியாகக் கை கொடுத்தார். எங்கள் தரப்பிலிருந்து அதைப் பார்க்க அன்று யாரும் வரவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன். கடைசி ஆறு ஆட்டங்களில் நான்கில் எங்களிடம் ஒரு மாற்று வீராங்கனைகூட இல்லை என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

பந்துகள், ஜெர்சிகள் பற்றி நீளமாகச் சொல்ல விரும்பவில்லை. ஆறு பந்தில் இரண்டுக்குத் தையல் விட்டிருந்தது, மழை பெய்தால் தண்ணீர் குடித்துக் கல்லாகிவிடும். ஒரு ஆட்டப் பந்து 450 கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. எங்கள் பந்தை எடுத்து நிறுத்துப் பாருங்கள். அந்தப் பந்தில்தான் தலையால் தட்டும் பயிற்சியும் செய்தோம்.

சுற்றறிக்கையைப் பார்த்த பிறகு நாங்கள் ஏழு பேர் உங்களைச் சந்திக்க வந்தோம். உறுப்பினர் ஒருவர் அக்கறையோடுதான் சொன்னார்: "இவ்வளவு அடிபடுகிறது என்று நீங்களே சொல்கிறீர்கள். பெண்களுக்கு இந்த ஆட்டம் எதற்கு, உள்ளரங்க விளையாட்டு ஏதாவது ஆடலாமே." அவர் நல்ல எண்ணத்தில் சொன்னார் என்றே நம்புகிறேன். ஆனால் இந்த வாதத்துக்கு வயது நூறு தாண்டிவிட்டது என்பதை அவருக்குச் சொல்ல விரும்புகிறேன். 1920 டிசம்பர் 26 அன்று லிவர்பூலின் குடிசன் பார்க் மைதானத்தில் டிக் கெர் லேடீஸ் என்ற பெண்கள் அணியின் ஆட்டத்தைப் பார்க்க ஏறத்தாழ 53,000 பேர் வந்தார்கள். அடுத்த டிசம்பரில், 1921-இல், இந்த ஆட்டம் பெண்களுக்குப் பொருத்தமற்றது என்று சொல்லி, தன் உறுப்பு கிளப்களின் மைதானங்களில் பெண்கள் ஆட இங்கிலாந்து கால்பந்துச் சங்கம் தடை போட்டது. தடை விலக ஏறத்தாழ ஐம்பது ஆண்டு ஆயிற்று. பிரேசில் 1941 முதல் 1979 வரை தடுத்தது. மேற்கு ஜெர்மனியின் சங்கம் 1955-இல் தடுத்தது, பெண்களின் உடம்பையும் மனதையும் காப்பதாகக் காரணம் சொன்னது. 1970-இல் தடையை எடுத்தார்கள். அதே ஜெர்மனிப் பெண்கள் 2003-இலும் 2007-இலும் உலகக் கோப்பையை வென்றார்கள். நடுவில் முப்பது ஆண்டுக்கு மேல் இருக்கிறது. அந்த முப்பது ஆண்டில் அவர்களுக்கு மைதானம் கிடைத்தது, கோச் கிடைத்தார், ஆடித் தோற்று மறுபடி ஆட இடம் கிடைத்தது. எங்களுக்கு நீங்கள் கடைசிச் சீசனைக்கூட முழுதாகக் கொடுக்கவில்லை.

அடிபடுகிறது என்று நாங்கள் சொன்னது ஆட்டத்தை நிறுத்தச் சொல்லி அல்ல. வார்ம்-அப்புக்கு இருபது நிமிடம், தூக்கிப் போக ஒரு ஸ்ட்ரெச்சர், தலையில் அடிபட்டால் முடிவெடுக்க ஒரு பெரியவர், இவை வேண்டும் என்று கேட்கத்தான். 2021 ஜூன் 12 அன்று கோபன்ஹேகனில் டென்மார்க் வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் ஆட்டத்தின் நடுவே இதயம் நின்று விழுந்தார். பயிற்சி பெற்றவர்கள் ஓடிவந்து நெஞ்சை அழுத்தினார்கள், களத்திலேயே மின் அதிர்ச்சி கொடுக்கும் கருவி இருந்தது, அவர் பிழைத்து மறுபடி ஆடினார். உதவி தாமதமாகும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு போய்க்கொண்டே இருக்கும். எங்கள் கிரவுண்டில் அப்படி ஒன்று நடந்தால் என்ன இருக்கிறது? இது ஆண்கள் அணிக்கும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

இனி நாங்கள் கேட்பவை.

அணியைக் கலைக்கும் சுற்றறிக்கையைத் திரும்பப் பெறுங்கள். அடுத்த சீசனுக்குப் பெயர் கொடுக்கும் கடைசி நாளுக்கு முன் இதைச் செய்தால்தான் பயன். அந்தத் தேதி போன பிறகு வரும் எந்த நல்ல முடிவும் எங்களுக்கு இன்னொரு ஆண்டு தள்ளித்தான் வந்து சேரும்.

மாலைப் பயிற்சி நேரத்தை வாரத்தில் மூன்று நாள் திருப்பிக் கொடுங்கள். பாதி கிரவுண்டு போதும். ஆண்கள் அணி கேப்டன் கொடுத்த கடிதம் இன்னமும் உங்கள் அலுவலகத்தில் இருக்கும், அதை எடுத்துப் படியுங்கள். வாய்மொழியாக வேண்டாம், எழுத்தில் கொடுங்கள்; சீசனின் நடுவில் மாற்றக் கூடாது.

எட்டாம் நம்பரும் பதினோராம் நம்பரும் கல்லூரியின் ஜெர்சியைப் போட்டுக்கொண்டு விழுந்தவர்கள். அறுவை சிகிச்சைக்கும் அதன் பிறகான பிசியோதெரபிக்கும் ஆன செலவைக் கல்லூரி ஏற்க வேண்டும். மற்ற கோரிக்கைகளில் பேசி முன்னே பின்னே போகலாம். இதில் நான் இறங்கி வர மாட்டேன். பதினோராம் நம்பர் பிசியோவுக்குப் போவதைப் பாதியில் நிறுத்திவிட்டாள், காரணம் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

முதலுதவி தெரிந்த ஒரு ஆசிரியரோ ஊழியரோ இல்லாமல் எந்த அணியையும் வெளியூர் ஆட்டத்துக்கு அனுப்பாதீர்கள். கிரவுண்டில் ஸ்ட்ரெச்சரும் இதயத்துக்கு மின் அதிர்ச்சி கொடுக்கும் கருவியும் வையுங்கள். தலையில் அடிபட்டவருக்கு வகுப்பிலும் தேர்விலும் ஓய்வு கொடுக்கும் விதியை எழுதி எல்லாத் துறைகளுக்கும் அனுப்புங்கள். ஆட்ட நாளுக்கு வருகைப் பதிவு, உள்தேர்வு இருந்தால் மறுதேர்வு, முன்கூட்டியே உறுதி செய்த பேருந்து. இவை இல்லாமல் பதினெட்டுப் பேர் அணியைப் பதினெட்டாக வைத்திருக்க யாராலும் முடியாது.

முடிவுகளை வைத்துத்தான் ஓர் அணி இருக்கலாமா வேண்டாமா என்று தீர்மானிப்பீர்கள் என்றால், அந்த அளவுகோல் என்ன என்பதைச் சீசன் தொடங்கும் முன் எழுதி எல்லா அணிகளுக்கும் கொடுங்கள். ஆண்கள் அணிகளுக்கும் அதே அளவுகோல். எங்களுக்கு இரண்டு சீசன் கொடுங்கள், மேலே கேட்டவற்றைச் செய்துவிட்டு. அதன் பிறகும் ஒன்பதாம் இடத்தில் இருந்தால் அப்போது கூப்பிட்டுக் கேளுங்கள், அன்றைய கேப்டன் பதில் சொல்வாள்.

நானும் இன்னும் நான்கு பேரும் படிப்பு முடித்துப் போகிறோம். பதின்மூன்று பேர் அங்கேயே இருக்கிறார்கள். உங்கள் பதிலை இந்த முறை கதவில் ஒட்டாதீர்கள். அந்தப் பதின்மூன்று பேரையும் கூப்பிட்டு உட்கார வைத்து, ஐந்தாம் நம்பரையும் எட்டாம் நம்பரையும் முதலில் பேசவிட்டு, பிறகு உங்கள் முடிவை நேரில் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பெண்கள் கால்பந்து அணியின் கேப்டன்,
ஜெர்சி நம்பர் 1